அக்கா கேட்ட கொண்டை எழுத்து

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களே, நண்பர்களே! அட்டையில் எங்கள் அக்காவின் பெயர் சாதாரண எழுத்தில்தான் இருக்கிறது. அவர் கேட்டது இதுவல்ல. எங்களால் முடியவில்லை.

அக்கா பிறந்தது ராயக்கோட்டையில். தக்காளி மண்டியில் கூடை சுமந்த அப்பா தவறியதும், படிப்பை விட்டுவிட்டு ஓசூரில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கும் வேலைக்குச் சேர்ந்தார். என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்து, தொழிற்பேட்டையில் வேலைக்கு அனுப்பியது அந்தச் சம்பளம்தான்.

அச்சகத்தில் பெரிய எழுத்து ஒரு செட் இருந்தது. தடித்த உடம்பு, தலையில் சுருண்ட கொண்டை, காலடியில் சின்னப் பீடம். கொண்டை எழுத்து என்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு மட்டுமே அதை எடுப்பார்கள். சாவுச் சேதிக்குத் தொடவே மாட்டார்கள். ஒரே செட் என்பதால், ஒரு பெயரைப் பிரித்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போட்டால்தான் அடுத்த பெயரைக் கோக்க முடியும்.

அக்காவுக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. தன் பெயரைத் தானே கோத்தார். "பாருடா, ராணி மாதிரி இல்ல?" என்று புரூப் தாளைத் தூக்கிக் காட்டினார். பத்திரிகை அச்சேறும் முன்பே மத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி, வேறு இடம் பார்த்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பாவிகள்!

மறுநாளே வேறொரு பெண்ணின் பத்திரிகை காத்திருந்தது.

"நீ பிரிக்க வேணாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி.

"நீங்க அறை மாத்திப் போட்டுருவீங்க. அப்பறம் அந்தப் பொண்ணு பேருக்கு நான் எங்க போய்த் தேடறது?" என்ற அக்கா, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, தன் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்தார். அவற்றையே எடுத்து அந்தப் பெண்ணின் பெயரைக் கோத்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றுவிட்டார். அம்மா அழுதும் பயனில்லை.

நோய் முற்றி, பெங்களூர் ஆஸ்பத்திரியும் கைவிரித்த பிறகு ஒருநாள், "நான் போனா பொஸ்தகம் போடுவீங்கல்ல? என் பேரக் கொண்டை எழுத்துல போடச் சொல்லுடா" என்றார். அப்படிப் பேசாதக்கா என்றேன்.

முதலாளியிடம் காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவரும் அழுதார். "உங்கக்காவுக்கு இல்லாத எழுத்தாப்பா? ஆனா கருமாதிப் பொஸ்தகத்துக்கு எடுத்தேன்னு தெரிஞ்சா, ஒரு கல்யாண வூட்டுக்காரன் படியேற மாட்டான். இங்க வேல செய்யறவங்க சோறே அதுலதான் இருக்குது" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த ஆலை நண்பர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத பக்கத்து வீட்டாருக்கும், இம்மலரை அச்சிட்டுத் தந்த முதலாளிக்கும் எங்கள் நன்றி.

அக்காவின் கல்யாணம் முறிந்தபின் மணமான உங்களில் பலரின் பத்திரிகையை அக்காதான் கோத்தார், என்னுடையதையும்தான். வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அக்காவின் பெயரில் நின்ற எழுத்துகள்தான் நம் பெயர்களில் நிற்கின்றன.

— தம்பி