மஞ்சள் வண்டிக்குப் பின்னால் போன மந்தை

இஸ்ஸாத்தின் வீட்டு முற்றத்தில் எத்தனை வண்டிகள் கிடக்கின்றன என்பது பனி கரையத் தொடங்கும்போதுதான் தெரியவரும். முதலில் ஒரு கைப்பிடி தலைகாட்டும். அடுத்த வாரம் ஒரு இருக்கை. அதற்கப்புறம் யாருமே ஞாபகம் வைத்திராத ஒரு பைக் முழுசாக எழுந்து நிற்கும். மூன்று பனிவண்டிகள், மூன்று டர்ட் பைக்குகள். ஓடுவது ஒவ்வொரு வகையிலும் ஒன்றுதான். மற்றவையெல்லாம் ஓடுகிற வண்டிக்கு உறுப்புதானம் செய்யக் காத்திருப்பவை. எல்லாம் பழசு, எல்லாம் வேறொருவன் ஓட்டித் தேய்த்தது. அக்கா ராவ்னா அந்த முற்றத்தைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவாள்.

இது இன்று நேற்று பிடித்த பைத்தியம் இல்லை. பதினாலு வயதில், வண்டி இழுக்கப் பழக்கிய நல்ல பனிமான் எருது ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒரு பனிவண்டியைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"எஞ்சின் எங்கடா?" என்று கேட்டாள் ராவ்னா.

"அது அடுத்த வருஷம் வரும்க்கா."

அது வரவேயில்லை.

ஆனால் கோடையில், புதுக் கன்றுகளுக்குக் காதில் குறி வெட்ட மந்தையைத் திரட்டும் நாட்களில், அவன் பைக் ஓட்டுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கல்லும் சதுப்பும் குட்டைப் புதருமான அந்த மேட்டில் மற்றவர்கள் பைக்கைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள். இவன் நின்றபடியே ஓட்டிக்கொண்டு, சிதறிய மான்களை அள்ளிச் சேர்த்துக்கொண்டு வருவான். ராவ்னா அப்போது மேட்டின் மேல் நின்று, பக்கத்தில் இருப்பவர்களெல்லாம் பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்வாள். அவனிடம் மட்டும் சொன்னதில்லை. சொன்னால் நாலாவது பைக் வந்து நிற்கும்.

இந்த மார்ச் மாதம் அவன் கடற்கரை ஊருக்குப் போய் ஒரு பனிவண்டி வாங்கி வந்தான். கறுப்பு நிறம், பக்கவாட்டில் தீ எரிவதுபோல் படம். ஒரே ஒருவர் வைத்திருந்ததாம், எப்போதும் கொட்டகைக்குள்ளேயே நின்றதாம். ராவ்னா மண்டியிட்டு அடிப்பலகையைத் தடவினாள், சங்கிலிப் பெட்டியைத் திறந்து எண்ணெயை முகர்ந்தாள், வெல்டிங் வைத்த இடத்தை நகத்தால் சுரண்டினாள்.

"நீ போனப்போ எஞ்சின் மூடி சூடா இருந்துதா?"

"லேசா இருந்துது."

"அப்போ குளிர்ல ஸ்டார்ட் ஆகாதத மறைக்க, நீ வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான்."

"குளிருதுல்ல? ஒரு மரியாதைக்கு சூடாக்கி வச்சிருந்தாருக்கா."

"மரியாதைக்கு காபி குடுப்பாங்கடா. எஞ்சினையா சூடாக்குவாங்க?"

இஸ்ஸாத் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ராவ்னாவுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. முற்றத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"மஞ்சள் வண்டி எங்க?"

"ஹெய்க்காவுக்குக் குடுத்துட்டேன். அவன் ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தான்."

ஹெய்க்கா அவர்களின் சித்தி மகன். மலைமுதுகுக்கு அந்தப் பக்கம் அவன் மந்தை. சொந்தக்காரனிடம் பேரம் பேசக் கூடாது என்பதால் அவன் சொன்ன விலைக்கே கொடுத்தாயிற்று. ராவ்னா அதற்குத்தான் திட்டினாள். சத்தமும் புகையுமாக, இருமிக்கொண்டே ஓடுகிற கிழட்டு வண்டி. போனால் போகிறது என்று விட்டுவிட்டாள். பார்க்க வேண்டியதை அன்று இருவருமே பார்க்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நடுவில் மழை பெய்து, பனி கண்ணாடியாக உறைந்து, மான்களால் அடியில் இருக்கும் பாசியைத் தோண்டித் தின்ன முடியாமல் போனது. எனவே ஜனவரி தொடங்கி தீவன மூட்டைகள் போனது எல்லாம் அந்த மஞ்சள் வண்டியில்தான்.

ஏப்ரல் கடைசியில் இடம்பெயரும் நாள் வந்தது. சினை மான்கள் வயிறு தொங்க நின்றன. அவை கன்று போடும் முன், ஆற்றுப் பனி உடையும் முன், கடலோரச் சரிவுக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் வேறு மந்தையோடு கலந்துவிட்டால் அவ்வளவுதான். பட்டியில் அடைத்து, காதுக்குறி பார்த்து, கயிறு வீசிப் பிரிக்க வேண்டும். நிறைசினையாக இருப்பவை அந்த ஓட்டத்தில் கன்றை இழந்துவிடும். ராவ்னாவுக்கு ஒரு வாரமாக அந்த ஒரு கவலைதான்.

காலையில் இஸ்ஸாத் கறுப்பு வண்டியில், மந்தைக்கு வழிகாட்டப் பின்னால் ஒரு பழகிய எருதைக் கட்டிக்கொண்டு முன்னே போனான். வண்டி பூனைபோல் சத்தமில்லாமல் நகர்ந்தது. மந்தை நின்ற இடத்திலேயே நின்று அசைபோட்டது.

"கூப்பிடுடா!" என்று பின்னாலிருந்து கத்தினாள் ராவ்னா.

"கூப்பிட்டுட்டுதான் இருக்கேன்! வர மாட்டேங்குது!"

அப்போது மலைமுதுகின் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு தொடர்ச்சியான அந்தப் பழைய உறுமல். ஒரே நேரத்தில் அத்தனை காதுகளும் திரும்பின. முன்னால் நின்ற கிழப் பெண்மான் ஒன்று ஓடத் தொடங்கியது. அதன் பின்னால் மந்தை மொத்தமும், எருதின் கயிற்றையும் அறுத்துக்கொண்டு, மேடேறி ஓடியது.

இஸ்ஸாத் வளைத்துப் பிடிக்கக் கறுப்பு வண்டியை முறுக்கினான். இறுகிய வெறும் பனியில் அந்த எஞ்சினைக் குளிர்விக்கத் தூள்பனி கிடைக்கவில்லை. பாதி மேட்டில் சிவப்பு விளக்கு எரிந்து வண்டி நின்றுவிட்டது. ராவ்னா தன் வண்டியில் அவனைத் தாண்டிப் போனபோது, அவன் மண்வெட்டியால் பனியை வெட்டி எஞ்சின் மேல் போட்டுக்கொண்டிருந்தான்.

"எரிஞ்சு போச்சாடா உன் தீ?"

"அஞ்சு நிமிஷம்க்கா! ஆறிடும்!"

பாதி வழியில் அவளுடைய போன் அடித்தது. ஹெய்க்கா.

"அக்கா, உங்க மானெல்லாம் என்னைச் சுத்தி நிக்குது."

"வண்டிய ஆஃப் பண்ணு!"

"பண்ணிட்டேன். இப்போ ஒண்ணு இருக்கைய நக்குது. ஸ்டார்ட் பண்ணிப் போனா பின்னாடியே வருது. என் மந்தை அடுத்த மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. நான் இப்போ எந்தப் பக்கம் போறது?"

"எங்கயும் போகாத. அங்கேயே உக்காரு."

மலைமுதுகில் ஹெய்க்கா மஞ்சள் வண்டியின் மேல், கொம்புகளுக்கு நடுவில், மடியில் தெர்மாஸை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மந்தையின் முதல் சில மான்கள் எதிர்மேட்டின் உச்சியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு சின்னப் பள்ளம் மட்டும்.

"இறங்கு," என்றாள் ராவ்னா. "வண்டிய எங்கிட்ட குடு."

"குடுக்கிறேன். எனக்கு என்ன குடுப்ப?"

"இந்த நேரத்துலயாடா வியாபாரம்?"

"அக்கா, நான் இத ஆசையா வாங்கினேன். நேத்துதான் புது பெல்ட் போட்டேன். இப்போ பார்த்தா பொண்ணோட சீதனமா ஒரு மந்தையே வருது. சும்மா குடுன்னா எப்படி?"

"என் வண்டிய எடுத்துக்கோ."

"உன் வண்டி எதுக்கு? இஸ்ஸாத்தோட பைக்க குடுக்கச் சொல்லு. ஓடுற பைக்."

அதற்குள் இஸ்ஸாத்தும் வந்து சேர்ந்திருந்தான். ராவ்னா அவன் பக்கம் திரும்பவில்லை. மூன்று குளிர்காலம் சமையலறையில் வைத்து அவன் பாகம் பாகமாகப் பூட்டிய பைக் அது. அவன் எதிர்மேட்டைப் பார்த்தான். அங்கே மான்கள் கூடிக்கொண்டிருந்தன. ஒன்று பள்ளத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது.

"எடுத்துக்கோ," என்றான்.

ஹெய்க்கா உடனே இறங்கினான். ராவ்னா ஏறி ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் மஞ்சள் வண்டி புகை கக்கி எழுந்தது. அவள் அதன் முகத்தைக் கடற்கரைப் பக்கம் திருப்பி மெதுவாக விட்டாள். கிழப் பெண்மான் இருக்கையின் பின்பக்கத்தை முகர்ந்தபடியே நடந்தது. மற்றவை அதன் பின்னால் வரிசை கட்டின.

பின்னால் பேச்சு கேட்டது.

"கேட்டுக்கோ, மூணாவது கியர் விழாது. ரெண்டுலேர்ந்து நேரா நாலுக்குப் போகணும்."

"அப்புறம் எப்படிடா ஓட்டுவ?"

"அதான் சொல்றேன், இடது காலால கொஞ்சம் கெஞ்சணும். பிரேக் பின்னாடி மட்டும்தான். முன்னாடி இருக்கறது அழகுக்கு."

"டேய்! ஓடுற பைக்குதானே கேட்டேன்?"

"ஓடும்டா. நிக்கிறதுதான் கஷ்டம்."

"இஸ்ஸாத்!" என்று கத்தினாள் ராவ்னா, திரும்பிப் பார்க்காமல். "கடைசி மான் உன்னத் தாண்டிப் போயாச்சு! என் வண்டிய எடுத்துட்டு வாடா!"

வழி நெடுக அவளால் வண்டியை விட்டு அதிக நேரம் இறங்க முடியவில்லை. நிறுத்தினால் தீவனம் என்று மொத்த மந்தையும் வந்து மேலே விழுந்தது. ஓடும் வண்டியிலேயே உலர்ந்த இறைச்சியைக் கடித்துக்கொண்டு, முகமெல்லாம் கரியாக, காது அடைத்துப் போய் ஓட்டினாள். தம்பியைத் திட்டிக்கொண்டே ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை. மேடேறும்போதே மூன்று இடங்களில் சூடேறி நின்ற கறுப்பு வண்டியைச் சறுக்குப் பலகையில் ஏற்றிக் கட்டி அவள் வண்டியால் இழுத்துக்கொண்டு பின்னால் வந்தான் அவன்.

ஆற்றுப் பனி உறுமிக்கொண்டிருந்தது, ஆனால் தாங்கியது. ஒன்றுகூடக் கலக்கவில்லை, ஒன்றுகூடக் கன்றை இழக்கவில்லை. கடலோரச் சரிவில் பனி விலகிய இடங்கள் தெரிந்ததும் ராவ்னா எஞ்சினை அணைத்தாள். மூட்டை எதுவும் இல்லை என்று கண்டதும் மான்கள் அவளைவிட்டுப் பிரிந்து சரிவெங்கும் பரவின. ஒரு மான் மட்டும் தனியே போய்ப் பாறைக்குப் பின்னால் படுத்தது.

இஸ்ஸாத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தெர்மாஸைத் திறந்து முதல் கோப்பையை அவளிடம் நீட்டினான். பாறைக்குப் பின்னால் ஈரமான கன்று ஒன்று எழ முயன்று விழுந்தது, மறுபடி முயன்றது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"அக்கா, கோடைக்கு எனக்கு பைக் இல்லியே," என்றான் இஸ்ஸாத்.

கன்று நான்கு காலையும் பரப்பி ஒருவழியாக நின்றது.

"நட," என்றாள் ராவ்னா.