இறால் கஞ்சிக்கு உப்புப் பார்த்தவள்

சமையல் குறிப்புகளில் என்னை எரிச்சல்படுத்தும் வரி ஒன்று உண்டு: உப்பு, தேவையான அளவு. மிளகாய்த் தூளுக்குக் கரண்டிக் கணக்கும் எண்ணெய்க்குக் குழிக்கரண்டிக் கணக்கும் பிசகாமல் சொல்கிறவர்கள் உப்பு வரும்போது மட்டும் நைசாகக் கழன்றுகொள்கிறார்கள். யாருக்குத் தேவையான அளவு என்று ஒருவரும் சொல்வதில்லை. நானும் இப்போது கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு எதையாவது கிளறிப் பார்க்கிறவள்தான். அடுப்பை அணைக்கும் முன் நாலு தடவையாவது உப்புப் பார்த்துவிடுவேன். "நீ உப்புப் பாக்குறியா, சாப்பிட்டே முடிக்கிறியா?" என்று என் கணவர் கேட்பார். சிரித்து மழுப்பிவிடுவேன். காரணம் சொல்ல வெட்கம்.

எனக்கு அப்போது எட்டு வயது. வாப்பாவுக்குத் துபாயில் வேலை. காரைக்காலில் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சந்து வீட்டில் உம்மாவும் நானும் மட்டும். உம்மாவுக்குச் சமையலில் பரிசோதனை செய்து பார்க்கும் கிறுக்கு உண்டு. மத்தியானம் தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி ஓடும்போது வீட்டில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. அவர்கள் சொல்லும் சாமான் பாதி எங்கள் கடைத்தெருவில் கிடைக்காது. அதற்கெல்லாம் உம்மா அசரமாட்டாள். காளான் இல்லையென்றால் கத்தரிக்காய், சீஸ் இல்லையென்றால் தேங்காய். கடைசியில் தட்டுக்கு வருவது தொலைக்காட்சிப் பண்டமாகவும் இருக்காது, எங்கள் வீட்டுப் பண்டமாகவும் இருக்காது. பீட்ரூட் சாறு விட்டுப் பிசைந்த ரோஜா நிற இடியாப்பத்தை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், யாரும் பார்க்காமல் டப்பாவை மூடியபடியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். தர்பூசணித் தோலில் கூட்டு வைத்த அன்று பக்கத்து வீட்டு ஆட்டுக்கு நல்ல வேட்டை.

வாப்பாவின் சொந்தக்காரர்கள் நடுவில் இது பெரிய பேச்சாகிவிட்டது. வருஷா வருஷம் ரமலானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குடும்பமும் பெரிய மாமி வீட்டில் ஒன்றாக நோன்பு திறப்பது வழக்கம். பெரிய மாமி வாப்பாவின் மூத்த அக்கா. உம்மா அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். நாற்பது பேருக்குக் கஞ்சி காய்ச்சுவது, இறால் வைத்து வடை மாதிரி வாடா சுடுவது என்று மற்ற மருமகள்களுக்கு ஆளுக்கொரு வேலை இருக்கும். உம்மாவுக்குப் பழம் நறுக்கும் வேலை. கல்யாணமாகிப் பத்து வருஷமாகப் பழம் மட்டுமே நறுக்கினாள். அதில்கூடப் பப்பாளியைப் பூ மாதிரி செதுக்கப்போய், "நேரமாவுது, ஒழுங்கா வெட்டு" என்று வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த வருஷம் பெரிய மாமிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. வழக்கமாகக் கஞ்சி காய்ச்சும் சாச்சி, அதாவது வாப்பாவின் தம்பி மனைவி, மகள் பிரசவத்துக்காக நாகூர் போயிருந்தார். வேறு வழியில்லாமல் மாமி உம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தத் தடவ கஞ்சி நீ பாத்துக்க. ஒன் வித்தையெல்லாம் காட்டாம இரு, ஆமா!"

உம்மா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் என் கன்னத்தைக் கிள்ளி, "கஞ்சி நம்ம கைக்கு வந்துடுச்சுடி" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பத்து நாள் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. நோன்புக் கஞ்சியில் கொத்துக்கறி போடுவதுதான் ஊர் வழக்கம். உம்மா இறால் போட முடிவு செய்தாள். இறால் தலையை வேகவைத்து வடித்த தண்ணீரில் நொய்யரிசியும் பாசிப்பருப்பும் வேக வேண்டும். சின்ன இறாலைத் தேங்காயெண்ணெயில் முறுக வறுத்து இடித்துக் கடைசியில் தூவ வேண்டும். மூன்று நாள் வீட்டில் சின்னச் சட்டியில் காய்ச்சிப் பார்த்தாள்.

இங்கேதான் என் உத்தியோகம் வருகிறது. ரமலானில் சமைக்கிற பெண்கள் எல்லாருக்கும் நோன்பு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சொல்வார்கள். உம்மாவுக்கு அதில் மனம் ஒப்பாது. அதனால் நோன்பு வைக்கும் வயசு வராத பிள்ளைதான் வீட்டுக்கு நாக்கு. கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்து, ஊதி, என் உள்ளங்கையில் விடுவாள். நான் நக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன். உம்மா முதலில் கையை அடக்கித்தான் உப்புப் போடுவாள். ஆகவே முதல் தடவை எப்போதும் "கம்மி", இரண்டாம் தடவை "இன்னும் கொஞ்சம்", மூன்றாம் தடவைதான் "சரி". என் தீர்ப்பை அவள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வாள்.

மூன்று நாளும் உண்மையாகவே நக்கிப் பார்த்தேன். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தக் கஞ்சி பிரமாதமாக இருந்தது. மூன்றாம் நாள் நோன்பு திறந்ததும் உம்மாவே சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். அவள் பரிசோதனைகளில் நான் கேட்டு வாங்கிக் குடித்தது அது ஒன்றுதான்.

ஆனால் எனக்குள் வேறொரு புகைச்சல். என் வயசே ஆன சாச்சா மகள் முந்தின வாரம் முதல் நோன்பு வைத்திருந்தாள். அவளுக்குப் புதுச் சட்டை, கழுத்தில் மல்லிகைச் சரம், ஆளாளுக்கு முத்தம். நானும் வைக்கிறேன் என்று உம்மாவிடம் மூன்று நாள் அழுதேன். "காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்ச புள்ள. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று முடித்துவிட்டாள். சரி, சொல்லாமல் வைப்போம் என்று தீர்மானித்தேன். நாளும் குறித்தேன். எல்லாரும் கூடுகிற அந்த ஞாயிற்றுக்கிழமை. நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் எல்லாருக்கும் நடுவில் எழுந்து நின்று, நானும் நோன்பு என்று அறிவிப்பதாகத் திட்டம்.

காலை இடியாப்பம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போனது. மத்தியானச் சோற்றைக் காக்கைக்கு வைத்தேன். மூன்று மணிக்கு மாமி வீட்டுக் கொல்லையில் விறகடுப்பு மூட்டி, பெரிய தேக்சாவில் உம்மா கஞ்சியை ஏற்றியபோது எனக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு கூப்பிட்டாள்.

"வாடி, உப்புப் பாரு."

சுற்றிலும் யாருமில்லை. மாமி உள்ளே காலை நீட்டிப் படுத்திருந்தார். மற்றவர்கள் முன்பக்கம் வாடா சுட்டுக்கொண்டிருந்தார்கள். என் உள்ளங்கையில் ஒரு சொட்டுக் கஞ்சி. இறால் வாசனை மூக்கைத் துளைத்தது. ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் நோன்பு போய்விடும் என்று நம்பினேன். சொன்னால் உடனே தண்ணீர் குடிக்க வைத்துவிடுவாள் என்பதும் தெரியும். பாங்குக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. திரும்பி நின்று, நக்குவதுபோல் கையை வாய்க்குக் கொண்டுபோய், பாவாடையில் துடைத்தேன்.

"கம்மி" என்றேன்.

வழக்கம்போலச் சொன்னால் சந்தேகம் வராது என்பது என் கணக்கு. நாற்பது பேர் சட்டி என்பதால் அன்று உம்மா முதலிலேயே நிறைவாகப் போட்டிருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கை அள்ளிப் போட்டாள். இரண்டாம் சொட்டு. "இன்னும் கொஞ்சம்." என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நல்லாப் பாத்தியா?" என்றாள். பார்த்தேன் என்றேன். இன்னொரு கை போட்டாள். மூன்றாம் சொட்டுக்கு, "இப்பச் சரி உம்மா" என்றேன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பாங்கு சொன்னதும் நான் திட்டத்தையெல்லாம் மறந்துவிட்டேன். எழுந்து நிற்கவில்லை, அறிவிக்கவில்லை. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தேன். சொம்பை இறக்கியபோது எதிர்ப் பாயிலிருந்து உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் பழம் அப்படியே இருந்தது.

கஞ்சிக் கோப்பைகள் வந்தன. முதல் வாய் குடித்ததும் பெரிய சாச்சா கோப்பையைக் கீழே வைத்தார். "கடல் தண்ணிய மொண்டுவந்து காச்சிட்டாங்களா?" என்றார். ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. யாரோ வாளியைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் கஞ்சி வாங்க ஓடினார்கள். மாமி ஒரு மடக்கு குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"உப்புப் பாக்கலியா? சின்னப் புள்ள ஒண்ணு கூடவே சுத்திக்கிட்டு இருந்துச்சே. அதுகிட்டக் குடுத்துப் பாக்குறதுக்கு என்ன?"

உம்மா என்னைப் பார்க்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவளுக்கு இன்னைக்கு மொத நோன்பு லாத்தா. அவகிட்ட எப்படிப் பாக்கச் சொல்றது? நாந்தான் கை தவறிப் போட்டுட்டேன்."

அவ்வளவுதான், கஞ்சியை மறந்துவிட்டார்கள். மாமி தன் தலையிலிருந்த பூவை எடுத்து எனக்கு வைத்தார். மடி மாற்றி மடி உட்கார்த்தி முத்தம் கொடுத்தார்கள். "சொல்லாமக் கொள்ளாம வச்சிருக்கா பாரேன்!" என்று கன்னம் வழித்தார்கள். சாச்சா மகள் ஓரமாக நின்று முறைத்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உம்மாவுக்கு எப்படித் தெரிந்தது, ஏன் அப்படிச் சொன்னாள் என்றெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. அந்தக் கஞ்சி உண்மையில் எப்படி இருக்கும் என்று அந்த நாற்பது பேரில் எங்கள் இருவருக்குத்தான் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொல்லைப் பக்கம் போனபோது உம்மா அந்தத் தேக்சாவை ஒற்றை ஆளாகச் சாய்த்துச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பூவைத் தொட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றாள்.

என்னை அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி பழம் நறுக்கினாள், பூவெல்லாம் செதுக்காமல். வீட்டிலும் தொலைக்காட்சியை மத்தியானம் அணைத்துவிடுவாள். சோறு, மீன் குழம்பு, வெள்ளிக்கிழமை கறி. இடியாப்பம் வெள்ளையாக வந்தது. டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டேன். "இப்பத்தான் அவளுக்குச் சமைக்கத் தெரிஞ்சிருக்கு" என்று மாமி சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

வாப்பா வாரத்துக்கு ஒரு நாள் துபாயிலிருந்து பேசுவார். முன்பெல்லாம் அதில் முக்கால்வாசி நேரம் உம்மாவே எடுத்துக்கொள்வாள். எதற்குப் பதிலாக எதைப் போட்டாள், அது எப்படி அடிப்பிடித்தது என்று அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, வாப்பா அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கும் கேட்கும். எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்று அவள் புடவையை இழுத்துக்கொண்டு நிற்பேன். அந்த ரமலானுக்குப் பிறகு அந்தச் சண்டையே இல்லாமல் போயிற்று. என்ன சமையல் என்று அவர் கேட்பார். "சோறும் மீன் கொழம்புந்தாங்க. இந்தாங்க, புள்ளகிட்டப் பேசுங்க" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் சொல்லி முடித்த பிறகும் நேரம் மிச்சமிருக்கும். முதல் நோன்பு வைத்ததிலிருந்து உம்மாவுக்கு என்மேல் பிரியம் கூடிவிட்டது, அதனால்தான் விட்டுக்கொடுக்கிறாள் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.