சக்கரச் சப்பாத்து சபாபதி

ஜோகூர்பாருவில் தகரக் கூரை போட்ட சறுக்குக் கொட்டகைக்குச் சனிக்கிழமை தோறும் போனவர்களுக்குச் சபாபதியைத் தெரிந்திருக்கும். காலில் சக்கரச் சப்பாத்தை வாரால் இறுக்கிக்கொண்டு, உடம்பைப் பாதியாக மடித்து அவன் பத்துச் சுற்று முடிப்பதற்குள் மற்றவர்கள் ஒரு சுற்றாவது பின்னால் கிடப்பார்கள். கைதட்டலுக்காக ஓடுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கைதட்டல் அவன் காதில் ஏறியதே இல்லை. அவனுக்குக் கேட்டதெல்லாம் பின்னால் யாரோ துரத்தி வரும் சத்தம்.

அந்தச் சத்தம் அவனுடைய எட்டாவது வயதில், காஹாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொடங்கியது. அப்பா ஐயாசாமி அவனைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்தை விட்டு ஓடினார். மூன்றாவது மைலில் தோட்டத்து ஆட்கள் பிடித்துவிட்டார்கள். அப்பாவை ரப்பர் மரத்தில் கட்டிவைத்து, பிரம்பு முறிந்த பிறகு மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். முழங்கால் சில்லு உடைந்தபோது, காய்ந்த ரப்பர்க் காய் வெடிப்பது போல ஒரு சத்தம். தன்னை ஒருத்தனும் எட்டிப் பிடிக்கக்கூடாது என்று பையன் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான்.

பதினேழு வயதில் அந்தக் கொட்டகையில், வருகிறவர்களுக்குச் சப்பாத்து மாட்டிவிடும் வேலை கிடைத்தது. காலையில் தரை துடைக்கும்போது தானும் மாட்டிக்கொண்டு பழகினான். ரப்பர் விலை விழுந்த வருஷங்களில் கொட்டகை சனிக்கிழமை மட்டும் திறப்பது என்று ஆகி, அவன் வேலை போனது. பழைய சக்கரச் சப்பாத்து ஜோடி ஒன்றோடு மாசாய் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்து, ரப்பர் பால் சேரும் ஸ்டோரில் ஷீட் உருட்டும் வேலையில் சேர்ந்தான். மரத்தில் பால் வெட்டும் அங்கம்மாவைக் கட்டிக்கொண்டான்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். ஆட்களை மேய்க்கும் கங்காணி எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். காலில் சப்பாத்து போட்டிருந்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். சக்கரச் சப்பாத்துக்கு எது பொருந்தும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. இரண்டுமே பொருந்தாது என்று சபாபதி தானாக முடிவுகட்டிக்கொண்டான். அதுதான் அவன் செய்த தப்பு.

1934இல் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், தொரை பங்களாவின் தார்ச் சரிவில் அவன் பழகிக்கொண்டிருந்தபோது கங்காணி கனகராஜ் சைக்கிளில் வந்தார்.

"டேய், எறங்குடா."

"இது வண்டி இல்லிங்கய்யா. சப்பாத்து."

"அப்பக் கழட்டு."

"வாரு இறுகிக் கெடக்குங்க. சட்டுன்னு வராது."

"வண்டின்னா எறங்கு, சப்பாத்துன்னா கழட்டு. ரெண்டும் மாட்டேன்னா நீ என்ன, தொரைக்கு மச்சானா?"

பிரம்பு பிடரியில் விழுந்தது. இரண்டாவது அடி காதைக் கிழித்தது. மூன்றாவதற்குச் சபாபதி அங்கே இல்லை. கால்கள் தாமாகவே கிளம்பிவிட்டன. துரத்திய கங்காணி சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தார். களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சபாபதி இரண்டு மைல் போய்த்தான் நின்றான். காதிலிருந்து ரத்தம் தோளுக்கு வழிந்தது. அவனும் சிரித்தான்.

பொழுது சாய்ந்து, தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குத் திரும்பியபோது அடுத்த வீட்டு ராசம்மா வாசலை மறித்தாள்.

"வாய்யா, ஓட்டக்காரரே. நீ ஓடிட்ட. ஒன் அடிய அவ வாங்கிட்டா, கங்காணி கையால."

அங்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பால் கத்தி பிடிக்கும் வலது கை மணிக்கட்டில் முறிந்து, வேறு யாருடைய கையோ போலத் தொங்கியது. உதடு கிழிந்திருந்தது.

"எவ்வளவு தூரம் போன?"

"ரெண்டு மைலு."

"அங்க நல்லாருந்துச்சா?"

அவன் குனிந்து சப்பாத்து வாரை அவிழ்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஆள் எண்ணும் காலைப் பெரட்டில், ஆட்கள் ஸ்டோர் முன்னே வரிசையாக நிற்க, கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சிமெண்டுத் தரையில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். சபாபதி கொட்டகையில் குனிவது போலவே குனிந்து வந்தான். வளைவில் காலைப் பக்கவாட்டில் தேய்த்து வேகத்தைக் குறைப்பது அவன் வழக்கம். அன்றைக்குத் தேய்க்கவில்லை.

கங்காணி பிரம்பை ஓங்கினார். அது இறங்குவதற்குள் தோள் அவர் நெஞ்சில் மோதியது. இரண்டு பேரும் ஸ்டோர் வாசலில் இருந்த ஷீட் உருட்டும் இரும்பு மெஷினில் போய் விழுந்தார்கள். கங்காணியின் முகம் சக்கரப் பல்லில் இடித்து, முன்பல் மூன்று தரையில் தெறித்தது. தாடை ஒரு பக்கமாகக் கழன்று தொங்க, கத்த வாய் வரவில்லை. சபாபதி அவர் மேல் ஏறி உட்கார்ந்து முஷ்டியால் குத்தினான். நாலு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் விட்டான். அவனுடைய கணுக்காலும் திரும்பிக் கிடந்தது. அது அப்போது தெரியவில்லை.

கணக்கெழுதும் கிராணி போலீசுக்கு ஆள் அனுப்பினார். கங்காணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ராசம்மா குனிந்து சபாபதியின் காதில் சொன்னாள்: "ரோட்டுல ஒரு ஆளும் இல்ல. ஒரு கால வச்சாவது தள்ளிக்கிட்டுப் போயிரு, தம்பி. ஒன்னை எவன் பிடிக்கப் போறான்?"

உண்மைதான். ஒற்றைக் காலில்கூட அவன் போய்விடுவான். மாசாய் ரோடு வெறிச்சென்று கிடந்தது.

"நான் போனா அவனோட ஆளுங்க யாரத் தேடி வருவாங்க, அக்கா?"

ராசம்மா லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கம்மா முறிந்த கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி, லயத்திலிருந்து மெதுவாக நடந்து வந்தாள். அத்தனை பேர் முன்னாலும் சிமெண்டுத் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கால் வீங்குதே."

"ஆமா."

"போலீசு வர நேரமாவும். தள்ளி உக்காரு, வெயிலு அடிக்குது."