மேல் லயத்துக்குக் கேட்க வேண்டும்

ஜெஸ்லினுக்கு நாற்பத்தொரு வயது. குளச்சலில் பிறந்து விழிஞ்ஞத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் விஜய்குமாருக்குத் துறைமுகத்தில் வேலை. ஜெஸ்லின் மினி லாரி ஓட்டுகிறார்.

சாதாரண மினி லாரி இல்லை. பின்பக்கத் தொட்டியைக் கழற்றிவிட்டு ஸ்டீல் பெட்டி வைத்து, உள்ளே தெர்மாக்கோல் ஒட்டியிருக்கிறார். ஒரு பக்கக் கதவு கீழே மடங்கினால் மேசை. மேசைமேல் தராசு, வெட்டுகத்தி. ஓரத்தில் தண்ணீர்க் குழாய். ஜெஸ்லின் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல பாலராமபுரத்தில் ஒரு வெல்டிங் கடையில் செய்தது. கூரைமேல் பழைய கோளாம்பி ஒன்று. பூவாய் விரிந்த அந்தக் காலத்துக் குழாய் ஸ்பீக்கர்.

வாரத்தில் இரண்டு நாள் விழிஞ்ஞத்தில் மீன் ஏற்றிக்கொண்டு, வித்துரா வழியாகப் போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்குப் போகிறார். தொழிலாளர் வீடுகள் லயம் லயமாகச் சரிவில் ஏறிக் கிடக்கின்றன. ரோடு கீழேயே முடிந்துவிடும். மேலே போனில் கூப்பிடலாம் என்றால் டவர் கிடைக்காது. ஆகவே ஜெஸ்லினின் வியாபாரம் ஒரே விஷயத்தில் நிற்கிறது. கீழே நிற்கும் வண்டியின் சத்தம் மேல் லயத்துக்குக் கேட்க வேண்டும்.

வருஷத்தில் ஒரு நாள் அது கட்டாயம் கேட்க வேண்டும். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் எட்டு நாள் எந்த அடுப்பிலும் மீன் கிடையாது. ஒன்பதாம் நாள் காலை காப்பு அவிழ்த்ததும் எல்லா வீட்டிலும் மீன்குழம்பு கொதிக்கும். போன வருஷம் அந்தக் காலையில் வித்துராவிலிருந்து வேறொரு மீன் வேனும் வந்தது. அதில் பெரிய பெரிய ஸ்பீக்கர்கள். ஜனம் அந்தப் பக்கம் போனது. ஜெஸ்லின் மூன்று பெட்டி மீனோடு திரும்பினார்.

இந்த வருஷம் கொடை முடிய இரண்டு நாள் இருக்கும்போது, கரமனையில் வண்டிகளுக்கு சவுண்ட் சிஸ்டம் பொருத்தும் செல்வினிடம் போனார். செல்வின் மார்த்தாண்டத்துக்காரர்.

"அக்கா, இது கோளாம்பியா, தகர டப்பாவா? இதை வச்சா இத்தனை நாளும் ஓட்டினிய?"

"எனக்குப் பாட்டு வேண்டாம்டே. மேல நிக்கிறவளுக்குக் கேக்கணும். அதான் காரியம்."

"கேக்கணுமா? நெஞ்சில வந்து இடிக்கும். பாத்துக்கோங்க."

சீட்டுக்குப் பின்னால் சப்வூஃபர், பெட்டிக்கு இரு பக்கமும் ஸ்பீக்கர், புது ஆம்ப்ளிஃபயர், மைக். ஜெஸ்லினின் கூவலைப் பதிவு செய்து அடியில் செண்டைத் தாளமும் சேர்த்துக்கொடுத்தார் செல்வின். கடை வாசலில் போட்டுப் பார்த்தபோது எதிர்க்கடை ஷட்டர் அதிர்ந்தது. ஜெஸ்லினுக்குத் திருப்தி. பழைய கோளாம்பியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள். வழக்கமாக நாலு பெட்டி, அன்று எட்டு. சாளை, அயிலை, நெத்தோலி. ஒன்பதரைக்கு எஸ்டேட் ரோட்டின் முடிவில், கோயில் முற்றத்தை ஒட்டி வண்டியை நிறுத்திப் பதிவைப் போட்டார். தாளம் மலையில் மோதித் திரும்பி வந்தது. யாரும் வரவில்லை.

சத்தத்தைக் கூட்டினார். கேபின் கண்ணாடி நடுங்கியது. மேல் லயத்துப் படிகளில் ஒரு தலையும் தெரியவில்லை. மைக்கை எடுத்து நேராகவே கூப்பிட்டுப் பார்த்தார். அதுவும் கொழகொழவென்று வண்டியைச் சுற்றியே நின்றது. பெட்டியின் அடியில் ஐஸ் தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. வித்துரா வேன் எந்த நேரமும் வரலாம்.

பத்து மணிக்கு, கோயில் பாத்திரங்களைக் கழுவ ஓடைக்கு இறங்கிவந்தார் மாடம்மாள். மேல் லயத்துக்காரர், ஜெஸ்லினிடம் வருஷக்கணக்காக மீன் வாங்குபவர். வண்டியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"ஏட்டி, நீயா? எப்ப வந்தே?"

"அரை மணிக்கூர் ஆச்சு. உங்க ஆளுகளுக்குக் காது அடைச்சுப் போச்சா?"

"கேக்காம என்ன? டும்மு டும்முன்னு கேட்டுச்சு. மைக்செட்டுக்காரன்தான் மூட்டை கட்டுறதுக்கு முன்னால ஆட்டம் போடுறான்னு நெனச்சோம். எட்டு நாளா இதே சத்தம்தானே."

"அதுக்குள்ள நான் கூப்பிடுதது?"

"மனுஷக் குரலே மேல வரல. உன் பழைய கோளாம்பி எங்க? அது தகரத்தக் கீறுன மாதிரி கத்தும், பல்லு கூசும். ஆனா சாளையா அயிலையான்னு அடுப்படியில இருந்தே தெரிஞ்சுக்கலாம்."

"போன வருஷம் அந்த வேன்காரன் செட்டுக்குத்தானே எல்லாரும் போனிய?"

"செட்டுக்கா? அவன்கிட்ட சூரை மீன் இருந்துச்சு, உன்கிட்ட இல்ல. அதுக்குப் போயி ஸ்பீக்கர மாத்துனியாக்கும்!"

ஜெஸ்லின் அண்ணாந்து பார்த்தார். கோயில் முற்றத்துச் சில்வர் ஓக் மரத்தில் கொடைக்குக் கட்டிய கோளாம்பி இன்னும் இருந்தது. மைக்செட்டுக்காரர் மற்ற சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். கொடைக் கமிட்டி செயலாளர் நயினார் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஜெஸ்லின் அவரிடம் போய், மரத்துக் கோளாம்பியில் இரண்டு வார்த்தை கூப்பிட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

"அம்மனுக்குக் கட்டுன கோளாம்பியில சாளை விக்கவா? நல்லாருக்கே நியாயம்!"

"விக்கல்ல அண்ணே. வந்திருக்கேன்னு ஒரு விவரம் சொல்லுதது."

"இன்னைக்கு நீ சாளைம்பே. நாளைக்கு ஒருத்தன் கோழிம்பான்."

மாடம்மாள் பாத்திரங்களைக் கீழே வைத்தார். "நயினாரு, ஒங்க வீட்டுல இன்னைக்கு என்ன குழம்பு?"

நயினார் மரத்தைப் பார்த்தார். பிறகு லாரியைப் பார்த்தார்.

"இந்தா பாரும்மா. மரத்துல இருக்குற வரைக்கும் அது அம்மனுக்கு. கீழ எறக்கிட்டா மைக்செட்டுக்காரன் வாடகைச் சாமான். அதுக்கப்புறம் நீயாச்சு, அவனாச்சு."

மைக்செட்டுக்காரர் அப்போதே மரம் ஏறினார். கோளாம்பி இறங்கியது. லாரிக் கூரையில் பழையது இருந்த இடத்திலேயே கயிற்றால் கட்டினார்கள். செல்வினின் ஸ்பீக்கர் வயர்களைப் பிடுங்கி இதில் சொருகினார் மைக்செட்டுக்காரர். தாளத்தை நிறுத்திவிட்டு ஜெஸ்லின் மைக்கை எடுத்தார்.

"மாரியம்மன் லயம், மேல் லயம்… விழிஞ்ஞத்து ஜெஸ்லினாக்கும். சாளை, அயிலை, நெத்தோலி. எல்லாம் இன்னைக்குக் கரையேறினது."

தகரத்தைக் கீறுகிற சத்தம் சரிவில் ஏறிப்போனது. முதலில் ஒரு கதவு, அப்புறம் நாலு. பிறகு படி முழுக்கப் பாத்திரங்களோடு பெண்கள். இறங்கும்போதே ஒருவர் கத்தினார்: "நீ வரலன்னு அப்பளம் பொரிச்சிட்டேனே, கேட்டியா!"

ஜெஸ்லின் வெட்ட, மாடம்மாள் பாத்திரக் கழுவலை மறந்து தராசைப் பிடித்தார். நயினார் வரிசையில் நிற்கவில்லை. பின்பக்கமாக வந்து இரண்டு கிலோ அயிலை வாங்கிப்போனார்.

பதினொன்றரைக்கு வித்துரா வேன் மலையேறி வந்தது. கனத்த பாத்திரங்களோடு பெண்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள். அதன் பெரிய ஸ்பீக்கர்கள் ஒரு பாட்டு முழுக்கப் பாடின. வேன் திரும்பிப் போனது.

எட்டுப் பெட்டியில் அரைப் பெட்டி நெத்தோலி மிஞ்சியது. கோளாம்பியைக் கழற்றிக் கொடுத்தபோது அந்த நெத்தோலியையும் மைக்செட்டுக்காரரின் ஜீப்பில் வைத்தார் ஜெஸ்லின்.

மறுநாள் கரமனையில் பழைய கோளாம்பியைத் திரும்பப் பொருத்தும்போது செல்வின் கொஞ்சம் முகம் சுருங்கித்தான் இருந்தார்.

"அப்ப சப்வூஃபரைக் கழத்தட்டா அக்கா?"

"கிடக்கட்டும்டே. வண்டி காலியா இறங்கும்போ பாட்டுக் கேக்கலாம்."