பாறை கைவிட்ட டீசல்

ராசிங்காபுரத்துத் தங்கபாண்டிக்கு ராஜஸ்தான் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்று வேலை. லீவில் ஊருக்கு வந்தால் மனிதர் வாயை மூடமாட்டார். "எண்ணெய் என்ன கம்மாத் தண்ணியாட்டமா கெடக்கு? பாறைக்குள்ள ஒட்டிக்கிட்டுக் கெடக்கும் அப்பு!" என்று டீக்கடையில் ஆரம்பித்தால் போடி பஸ்சு போய், அடுத்த பஸ்சும் வந்துவிடும். கேட்பவர்களுக்குத்தான் கொட்டாவி வரும், அவருக்கு வராது.

இந்த மாசியில் மனைவி கற்பகத்தோடு போடிமெட்டுக்கு மேலே, மச்சான் விஜயபாண்டியின் ஏலத்தோட்டத்துக்குப் போனார். அங்கே ஒரே ரோதனை. காய் உலர்த்தும் ஸ்டோரின் வாசல் முழுக்கப் பாறை. போன வாரம் டீசல் பேரல் சாய்ந்து, அவ்வளவும் பாறை வெடிப்பில் இறங்கிவிட்டது. தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவியும் வாடை போகவில்லை. ஏலக்காயோ பக்கத்திலிருக்கும் வாடையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். டீசல் நாறும் காயை எந்த வியாபாரி தொடுவான்?

"நீங்கதான் எண்ணெய்க்காரராச்சே மாப்ளே, ஒரு வழி சொல்லுங்க" என்று விஜயபாண்டி கிண்டலாகத்தான் கேட்டார். தங்கபாண்டி கைலியை மடித்துக் கட்டிவிட்டார்.

"பாறையில ரெண்டு தினுசு மச்சான். ஒண்ணுக்குத் தண்ணியப் புடிக்கும், ஒண்ணுக்கு எண்ணெயப் புடிக்கும். எண்ணெயில ஊறுன பாறையில எம்புட்டுத் தண்ணி அடிச்சாலும் மேலாப்புல ஓடிரும். சோப்புத் தண்ணி அடிச்சா, பாறைக்குத் தண்ணி மேல ஆசை வந்துரும், எண்ணெயக் கைவிட்டுரும். எங்க சோலியே அதான். அந்த ஒட்டுத் திரவத்த வெரசாக் கொண்டாங்க!"

பூச்சிமருந்து இலையில் பரவிப் படிய அதோடு கலக்கும் சோப்புச் சரக்குதான் ஒட்டுத் திரவம். ஸ்டோரில் கேன் கேனாக இருந்தது. அதைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, மருந்தடிக்கும் மோட்டாரால் காலையெல்லாம் பாறை வெடிப்புக்குள் அடித்தார். நுரை பொங்கியது. மதியம் விஜயபாண்டி குனிந்து பாறையை மோந்து பார்த்தார். வாடையே இல்லை!

"அடேங்கப்பா! வாய்ப்பேச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார். தங்கபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் கீழே, வேலைக்காரக் குடும்பங்கள் இருக்கும் லயத்துப் பக்கமிருந்து, தோட்டத்தில் காய் பறிக்கும் ராக்குவின் அலறல் கேட்டது. எல்லோரும் விழுந்தடித்து ஓடினார்கள்.

பாறையின் அடியில் ஓலி. ஓலி என்றால் ஊற்றுக்குழி. லயத்துக்குக் குடிக்க அதைவிட்டால் வேறு தண்ணீர் கிடையாது. அதன் மேல் நுரை மிதந்தது, நுரைக்கு நடுவே டீசல் பல நிறத்தில் மினுமினுத்தது. ராக்கு குடத்தோடு நின்றாள்.

"காலையில தண்ணி மோந்தப்பக்கூட நல்லாத்தான இருந்துச்சு! இது எங்கிட்டிருந்து வந்துச்சு?"

தங்கபாண்டி மேலே பாறையை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளும் டீசலை ஓலிக்கு விடாமல் பிடித்து வைத்திருந்தது அந்தப் பாறைதான். பாலைவனத்தில் ஒரு கிணற்றில் சோப்புத் தண்ணீரை இறக்கினால், பாறை விட்ட எண்ணெய் போய்ச் சேர இன்னொரு கிணறு இருக்கும். டீக்கடையில் அதையும் சேர்த்துத்தான் அளப்பார். இன்றைக்கு அது நினைப்பிலேயே இல்லை. அட, கடவுளே!

"எல்லாத்தையும் எறைச்சு ஊத்திட்டாச் சரியாப் போகுமா?" என்று கேட்டாள் கற்பகம்.

போகாது என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு கழுவினாலும் பாறை பாதியை உள்ளே வைத்துக்கொள்ளும் என்று பாலைவனத்தில் பலமுறை பார்த்திருக்கிறார். இப்போது சோப்பும் அதோடு சேர்ந்து உள்ளே கிடக்கிறது.

"பாதி இன்னும் உள்ளதான் இருக்கு" என்றார். "மழை பேயுறப்பெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா எறங்கும். முழுசாப் போறதுக்கு வருசக்கணக்காகும்."

விஜயபாண்டி தலையில் கைவைத்துக்கொண்டு பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். ராக்கு குடத்தைக் கீழே வைத்தாள்.

"அதுவரைக்கும் எம்புள்ளைக எதக் குடிக்கும் அண்ணே?"

தங்கபாண்டி அந்தக் குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தேடி மலைப் பாதையில் நடந்தார்.