ரெகுலேட்டருக்கு வைத்த பொட்டு

கீரனூரில் ரெகுலேட்டர் என்றால் ஃபேனுக்கு உள்ளது, இல்லையென்றால் கேஸ் சிலிண்டருக்கு உள்ளது. எங்கள் வீட்டு பீரோவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. முதுகில் கட்டிய காற்று சிலிண்டரின் தலையில் ஒரு முனையை மாட்டி, மறுமுனையை வாயில் கடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவதற்கானது. கடலே கண்ணில் படாத ஊரில் இது எதற்கு என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

நான் தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் போய்வரும் ஆபீஸ்காரன். மனைவி உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆபீஸ் தரும் எல்.டி.சி. பயணச் சலுகையில் அந்தமான் போன இடத்தில் எங்களை மீனோடு மீனாக அரைமணி நேரம் விட்டார்கள். அன்று பிடித்த பைத்தியம். பிறகு பாண்டிச்சேரியில் முறையாகக் கற்றுக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை, லீவு ஒத்துவந்தால் இரண்டுமுறை போய்வந்தோம். குன்றாண்டார்கோவில் பக்கம் கிணற்றில் குதித்து வளர்ந்தவள் என்பதால் தண்ணீரில் அவள் எனக்கு அக்கா.

அப்படிப்பட்டவள்தான் ஒருமுறை பாதிக் கடலில், மேலே போகவேண்டும் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டி மேலே வந்துவிட்டாள். வாடகை ரெகுலேட்டர். இழுத்த அளவுக்குக் காற்று வரவில்லை என்றாள். படகில் உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்கு வந்தும் பல நாள் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து மூச்சு வாங்கினாள். கடைசியில் அவளே ஒரு முடிவு சொன்னாள்.

"சொந்தமா ஒன்னு வாங்குவோங்க. அத வச்சு ஒரே ஒரு தடவ எறங்கிப் பாக்குறேன். முடியலன்னா இதோட விட்டுறலாம்."

சரி என்றேன். அவள் விட்டால் நானும் விடவேண்டியதுதான். தனியாகப் போய் மீன் பார்க்க எனக்கு மனசு வராது.

எப்போதாவது போகிறவர்களுக்கு எது சரி என்று மாதக்கணக்கில் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் படித்தேன். குளிர்க்கடலுக்கானது நமக்கு வேண்டாம், நம் கடல் வெந்நீர் மாதிரி. சிலிண்டரில் திருகி மாட்டும் வகை உண்டு, வளையம் போட்டு இறுக்கும் வகை உண்டு. நாங்கள் போன இடங்களில் எல்லாம் வளையம் மாட்டும் சிலிண்டர்தான். விமானத்தில் பெட்டிக்கு எடை பார்க்கிறார்களே என்று, இருப்பதிலேயே லேசானதை நான் தேர்ந்துவைத்தேன். மிக்ஸி வாங்கினாலும் சர்வீஸ் சென்டர் எங்கே என்று முதலில் கேட்கிறவள் அவள். ரெகுலேட்டர் வாங்கப் போன சென்னைக் கடையிலும் அதையே கேட்டாள். நான் பார்த்துவைத்ததைப் பிரித்துச் சரிசெய்ய வெளிநாடு அனுப்பவேண்டுமாம். பிறகு ஒவ்வொன்றாக வாயில் வைத்து, கண்ணை மூடி இழுத்துப் பார்த்தாள். பாண்டிச்சேரியிலேயே சர்வீஸ் செய்யக்கூடிய, கொஞ்சம் கனமான, அலங்காரமில்லாத ஒன்றை எடுத்துக்கொண்டாள். எடை என்று இழுத்தேன். இரண்டு புடவையைக் குறைத்துக்கொள்கிறேன் என்றாள். பில் போடச் சொன்னேன்.

அடுத்த மாதமே ஆயுத பூஜை வந்தது. ஸ்கூட்டர், மிக்ஸி, அருவாமனை, அவளுடைய சிவப்புப் பேனா எல்லாவற்றோடும் ரெகுலேட்டரும் சாமி முன்னால் உட்கார்ந்தது. சிலிண்டரோடு சேரும் வாய்க்கு ஒரு மூடி உண்டு. ஆயுதத்தை மூடியா வைப்பார்கள் என்று அதைக் கழற்றி, சரியாக அந்த வாயிலேயே சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறாள். நான் வாசலில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஈரத்துணியால் துடைத்து, பத்திரமாக மூடியைப் போட்டுப் பீரோவில் வைத்துவிட்டாள்.

பொங்கல் லீவில் பாண்டிச்சேரி போனோம். படகில் சிலிண்டரில் மாட்டிக் காற்றைத் திறந்துவிட்டு, எங்களுக்குக் கற்றுக்கொடுத்தபடியே, காற்றின் அளவு காட்டும் கேஜைப் பார்த்துக்கொண்டே அவள் மூச்சு இழுத்தாள். இழுக்கும்போதெல்லாம் முள் கீழே விழுந்து விழுந்து எழுந்தது. உள்ளே எங்கோ காற்றை அடைக்கிறது என்று அர்த்தம். உடனே வாயிலிருந்து எடுத்துவிட்டாள். எங்களைக் கூட்டிப்போன பயிற்சியாளர் பெண் கழற்றிப் பார்த்தார். உள்ளே வடிகட்டி முழுக்கச் சிவப்பு. முகர்ந்து பார்த்து, சந்தன வாசனை வருகிறதே என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பிரித்து மாற்ற ஒருநாள் ஆகும், படகில் மிச்சம் இருப்பது வாடகை ரெகுலேட்டர் ஒன்றுதான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

ஒரே ஒரு தடவை என்றவளுக்கு அந்த ஒரு தடவையும் இப்படியா? வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன். அவள் சிவந்த வடிகட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டு வச்சதே பயத்துலதாங்க," என்றாள். "எனக்கு மூச்சு முட்டக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வச்சேன்."

பிறகு வாடகை ரெகுலேட்டரை வாங்கி மாட்டினாள். கேஜைப் பார்த்தபடி இழுத்தாள். மறுபடி இழுத்தாள். முள் அசையாமல் நின்றது. கடையில் ஒவ்வொன்றையும் சோதித்தபோது இருந்த அதே முகம். அவளுக்கு அது போதுமாயிருந்தது. "இது நல்லாருக்கு, வாங்க," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் குதித்தாள்.

கீழே நான் ஒரு மீனையும் பார்க்கவில்லை. அவள் விடும் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குமிழிக் கொத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கொஞ்சம் தாமதமானாலும் கிட்டே போனேன். அவளோ பாறை இடுக்கில் எதையோ சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் வந்து என் கேஜைத் திருப்பிப் பார்த்தார். மேலே போகச் சொல்லிக் கட்டைவிரலைக் காட்டினார். பதறிப் பதறி மூச்சு இழுத்ததில் என் காற்றுதான் குறைந்துவிட்டிருந்தது. அவளுடைய சிலிண்டரில் இன்னும் நிறைய மிச்சம். எனக்காகத்தான் அன்று எல்லோரும் மேலே வந்தோம்.

படகில் ஏறி முகமூடியைக் கழற்றியதும் என் கேஜையும் அவள் கேஜையும் மாறி மாறிப் பார்த்தாள். கணக்கு டீச்சருக்கு விளங்காதா? நான் வேறுபக்கம் திரும்பிக்கொண்டேன். ஈரக் கையை என் தோளில் வைத்தாள்.

"ஏங்க," என்றாள், "அடுத்து ஒங்களுக்கு ஒரு ரெகுலேட்டர் பாக்கணும்."