டியூட்டி அக்காவின் ஓய்வூதியம்

“தனித்தனியா சொல்லாதீங்கம்மா. எல்லாம் சேத்து, வருஷத்துக்கு நூத்துக்கு எவ்வளவு எடுப்பீங்க? ஒரே நம்பரா சொல்லுங்க.”

கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, என் அம்மாவின் விரிப்பை மூலைக்கு மூலை சேர்த்து மடித்தார் டியூட்டி அக்கா. மறுமுனையில் ஓர் ஓய்வூதிய நிறுவனத்தின் பெண் குரல். நிர்வாகக் கட்டணம், முதலீட்டுக் கட்டணம் என்று அடுக்கிவிட்டு, உங்கள் கனவு ஓய்வுக்காலம் எப்படியிருக்க வேண்டும் என்று கேட்டது.

“கனவெல்லாம் ஒண்ணுமில்ல. சோறும் மாத்திரையும் வந்தா போதும். நம்பரைச் சொல்லுங்க.”

நம்பர் வந்ததும், பிரித்து விரித்த மருந்து அட்டைப்பெட்டியின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டார். அதில் ஏற்கெனவே ஏழு நிறுவனங்கள். ஐந்தை அடித்துவிட்டிருந்தார்.

பக்கவாதத்தில் படுத்த அம்மாவைப் பகலில் பார்த்துக்கொள்ள அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடமாகிறது. வயது நாற்பத்தாறு. நாள் கணக்கில் சம்பளம். வராத நாளுக்கு இல்லை. கணவர் போன இடம் தெரியாது, பிள்ளைகள் இல்லை. காலையில் வாசலிலேயே “டியூட்டிக்கு வந்துட்டேன்” என்பார். மாலையில் மட்டும் “வரேன்” என்று சொல்ல மாட்டார். கேட்டதற்கு, “படுத்திருக்கிறவங்ககிட்ட அதைச் சொல்லிட்டு வராம போயிட்டா பாவம்” என்றார். அம்மாவைத் துடைக்கும் வெந்நீரை முதலில் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பார். தான் பார்த்துக்கொண்டவர்களை வியாதியை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்: சிறுநீரக ஐயா, மறதி டீச்சர், இடுப்பு அம்மா.

இந்த இடுப்பு அம்மாதான் ஓய்வூதியத்துக்குக் காரணம். நாற்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்தவர். இடுப்பெலும்பு முறிந்ததும் சேமிப்பை வைத்து இவரை அமர்த்தினார்கள். சேமிப்பு கரையக் கரைய முழுநாள் அரைநாளானது. பிறகு வேண்டாமென்று விட்டார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் டியூட்டி அக்கா சும்மா பார்க்கப் போயிருக்கிறார்.

“மருமக நல்லவதான், வேலைக்குப் போயிட்டா. தனியா கிடந்தாங்க. திருப்பிப் பாத்தேன். முதுகுல உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு. ‘வந்துட்டியா, டியூட்டிக்கா?’ன்னு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?” 

அன்று மாலை வரை இருந்து, புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு வந்தார். மறுநாளே நிறுவனங்களுக்குப் பேச ஆரம்பித்தார்.

விஷயம் தெரிந்து அவருடைய தம்பி எங்கள் வீட்டுக்கே வந்தான். பெரிய ஓய்வூதிய நிறுவனம் ஒன்றின் முகவர். அவனைப் படிக்க வைத்தது அக்காவின் சம்பளம். தேய்த்த சட்டையும் வழவழப்பான கோப்புமாக உட்கார்ந்தவன் நேரே விஷயத்துக்கு வந்தான்.

“வீட்டுல நான் ஒருத்தன் இருக்கும்போது ஏன்க்கா வெளியில அலையுற?”

“நீ எவ்வளவுடா எடுப்ப?”

“நான் எங்கக்கா எடுக்கிறேன்? கம்பெனி எடுக்குது.”

“சரி, கம்பெனி எவ்வளவு எடுக்கும்?”

அவன் பக்கங்களைப் புரட்டினான். அக்கா கோப்பைத் தன் பக்கம் திருப்பி, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியின்மேல் விரல் வைத்தார். போடும்போதே நூற்றுக்கு ஐந்து. அதன்பிறகு வருடாவருடம் இரண்டே முக்கால். அட்டைப்பெட்டியில் மிஞ்சியிருந்தவற்றில் ஒன்று, வருடத்துக்கு அரைக்கும் குறைவாகக் கேட்டது. போடும்போது எதுவும் இல்லை.

“இந்த மாசம் சேர்க்க வேண்டிய ஆளுல எனக்கு ரெண்டு பேரு குறையுதுக்கா” என்றான், குரல் இறங்கி.

அக்கா டீயை அவன் பக்கம் நகர்த்தினார். அவனிடமே சேர்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“வேற எது வேணா கேளுடா, தரேன். இது நான் படுக்கப்போற படுக்கை. இதுல கை வைக்காத.”

அவன் டீயைத் தொடாமல் எழுந்து போனான். ஐந்து மாதமாகிறது. பேசுவதில்லை. அவன் மகளின் பிறந்தநாளுக்கு அக்கா வாங்கி அனுப்பிய பாவாடை, பிரிக்காமலே திரும்பி வந்தது.

போன வாரம் அந்த மலிவான நிறுவனத்தில் சேர்வதற்கு என் மடிக்கணினியில் விண்ணப்பம் போட்டோம். அக்கா தரையில் உட்கார்ந்து அம்மாவின் குதிகாலுக்குக் களிம்பு தடவிக்கொண்டே பதில் சொன்னார். நான் தட்டச்சு செய்தேன். மாதம் எவ்வளவு கட்டுவது, எந்த வயதிலிருந்து வாங்குவது என்று நிரப்பியதும், அறுபத்தைந்து வயதில் மாதாமாதம் வரக்கூடிய தொகையைத் திரை காட்டியது. படித்துச் சொன்னேன். அவர் உதட்டை அசைத்துக் கணக்குப் பார்த்தார்.

“இன்னைய சம்பளத்துக்கு, என்னை மாதிரி ஒருத்திய மாசத்துல ஆறு நாளைக்கு வெச்சுக்கலாம். தம்பிகிட்ட போட்டிருந்தா நாலரை.”

“மத்த நாளைக்கு?” என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான், அந்தச் சம்பளத்தைக் கொடுப்பவன் நான் என்பது உறைத்தது. 

“அன்னைக்குத் திருப்பிவிட ஆளில்லாம படுத்திருக்க வேண்டியதுதான்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மாவுக்குப் பேச்சு வராது. கண்களை மட்டும் அவர் பக்கம் திருப்பினாள்.

அடுத்த கட்டம், அவருக்குப் பிறகு பணம் யாருக்குப் போக வேண்டும் என்பது. காலியாக விட முடியாது.

“தம்பி பேரைப் போடுங்க.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். பிறந்த தேதி, முகவரி, கைப்பேசி எண் எல்லாம் எதையும் பார்க்காமல், மூச்சு விடாமல் ஒப்பித்தார்.

உறுதி செய்யும் பொத்தானை அவரே அழுத்த வேண்டும் என்று கணினியை அருகில் நீட்டினேன். விரலெல்லாம் களிம்பு. சுண்டுவிரலை மடக்கி, மூட்டால் மெல்லத் தட்டினார். ஏற்கவில்லை. விரலைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார். திரை மாறியது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், அம்மாவின் இன்னொரு காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.